பிள்ளை வந்த வீடு: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தத்து எடுப்பதைப் பற்றி நம் குடும்பங்களில் வழங்கும் அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை, பிள்ளையில்லாத தம்பதியரின் துயரத்தைக் கண்டு இரங்கிய நல்ல மனிதர்களின் வாயிலிருந்தே புறப்பட்டவை. இரக்கத்தில் பிறந்த காரணத்தாலேயே ஒரு கருத்து மெய்யாகிவிடாது. அதை நம்பி நடக்கும் வீட்டில் முதலில் அல்லல்படுவதோ, வாய் திறந்து முறையிடத் தெரியாத குழந்தை. ஆகவே, அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: ஒரு குழந்தையைக் கொண்டு வந்துவிட்டால், மனம் கசந்த புருஷனும் மனைவியும் ஒன்றாகிவிடுவார்கள்.

உண்மை: லெமாஸ்டர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், முதற்குழந்தை பெற்ற 46 தம்பதியரில் 38 தம்பதியர், அந்த வரவால் தங்கள் இல்லறத்தில் பெரும் நெருக்கடி உண்டானதாகத் தெரிவித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் அவ்விகிதத்தைக் குறைத்துக் காட்டினாலும், தூக்கமும் ஓய்வும் பணமும் ஒருங்கே சுருங்கும் அந்த நாட்களில் உறவில் முன்பே இருந்த விரிசல் அகலுமேயன்றி அடைபடாது என்பதைக் குடும்பஸ்தர் யாவரும் அறிவர். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழுள்ள நம் நாட்டுத் தத்தெடுப்பு விதிகள், உறவினர் குழந்தையையோ துணைவரின் குழந்தையையோ தத்தெடுப்பது நீங்கலாக, தம்பதியர் குறைந்தது 2 ஆண்டுகளாவது நிலையான தாம்பத்தியம் நடத்தியிருக்க வேண்டும் என்றும், இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றும் கேட்பது இதனாலேயே. ஒருவர் ஆசைப்பட, மற்றவர் வாக்குவாதத்துக்குப் பயந்து கையெழுத்திட்ட வீட்டில், என்றோ ஒரு சண்டையில் "நீதானே பிடிவாதம் பிடித்துக் கொண்டு வந்தாய், நீயே பார்த்துக்கொள்" என்ற வார்த்தை வெளிவந்துவிடும். கதவுக்கு அப்பால் நிற்கும் குழந்தை அதைக் கேட்டுவிட்டால், பின்னால் எத்தனை பொம்மை வாங்கிக் கொடுத்தும் அதை மறக்கடிக்க முடியாது.

நம்பிக்கை 2: தத்து எடுத்தால், அந்தப் புண்ணியத்தில் சொந்தக் குழந்தை பிறக்கும்.

உண்மை: அப்படிப் பிறந்த ஒரு வீட்டை ஊரே பேசும், பிறக்காத பல வீடுகளை எவரும் பேசுவதில்லை. தத்தெடுப்பதால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவம் நிரூபித்ததில்லை. அதைவிட முக்கியம், இன்னொரு குழந்தையை வரவழைக்கும் சாதனமாக ஒரு குழந்தையை எண்ணுவது அதற்கு இழைக்கும் அநீதி என்பது.

நம்பிக்கை 3: உண்மையைச் சொல்லாமல் வளர்த்தால்தான் பிள்ளை ஒட்டும்.

உண்மை: இந்த ஐந்திலும் ஆழமாக வேரோடியதும், அதிகத் தீங்கு செய்வதும் இதுவே. கனடாவில் பணியாற்றிய டேவிட் கிர்க் என்ற சமூகவியலாளர், தத்தெடுத்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1964-இல் எழுதிய நூலில், பெற்ற குடும்பத்துக்கும் தத்தெடுத்த குடும்பத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று பாவனை செய்வோரைக் காட்டிலும், வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு பேசுவோரே பிள்ளையின் மனத்தை நெருங்க முடிகிறது என்று வாதித்தார். நம் ஊரில் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பெரியம்மா வாய் தவறுவாள், சொத்துப் பேச்சு எழும்போது பங்காளி ஒருவன் வேண்டுமென்றே சொல்வான், "வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று டாக்டர் கேட்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்போது பிள்ளையை நோகச் செய்வது, தான் தத்துப்பிள்ளை என்ற செய்தியைக் காட்டிலும், தனக்கு மட்டும் தெரியாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதே. நான்கு வயதில் "நான் உன் வயிற்றிலிருந்தா வந்தேன்?" என்று கேட்கும் குழந்தைக்கு, "இல்லையடா கண்ணு, இன்னொரு அம்மா வயிற்றில் பிறந்தாய்; நானும் அப்பாவும் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வந்தோம்" என்ற பதில் போதும். அதே பதிலை அப்பாவும் தடுமாறாமல் சொல்வதற்கு, குழந்தை வருமுன்பே தம்பதியர் தங்கள் பிள்ளையில்லாத துக்கத்தை ஒருவருக்கொருவர் மறைக்காமல் பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

நம்பிக்கை 4: என்ன இருந்தாலும் இரத்த பந்தம்தான் பந்தம், தத்துப்பிள்ளைக்கு அரை உரிமைதான்.

உண்மை: பழைய தர்மசாஸ்திரமே சுவீகார புத்திரனைப் புத்திரனாக ஏற்றது, ஆனால் பிதுர்க்கடன் தீர்க்க ஆண்பிள்ளையையே பொதுவாக எடுத்தார்கள், பிறகு ஔரச புத்திரன், அதாவது சொந்த மகன், பிறந்தால் தத்துப்பிள்ளையின் பங்கு குறைந்துபோனது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்து, தத்தான நாள் முதல் அக்குழந்தையை அந்த வீட்டில் பிறந்த குழந்தையாகவே கருதியது. முறைப்படி நடந்த தத்தை எந்தப் பெற்றோரும் ரத்து செய்ய முடியாது என்றும் விதித்தது. மதம் எதுவாயினும் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படித் தத்தெடுக்கலாம். அதன்படியும் உரிமை முழு உரிமையே. எனவே "எடுத்து வளர்த்த நன்றி வேண்டாமா?" என்று பாட்டியோ அத்தையோ பேசினால், நம் பிள்ளை நமக்குக் கடன்பட்டவன் அல்லன் என்று அப்பா அங்கேயே, பிள்ளையின் எதிரிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை 5: அன்பு ஒன்று போதும், பழையதெல்லாம் மறந்துபோகும்.

உண்மை: 1989-இல் ருமேனிய ஆட்சி கவிழ்ந்தபின், அங்கிருந்த அனாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தாக வந்த குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய சகாக்களும் நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாத வயதுக்கு முன்பே வந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அந்த வயதுக்கு மேலும் அந்த இல்லங்களில் இருந்தவர்களில் பலர் தேறினாலும், சிலரிடம் பழைய புறக்கணிப்பின் வடு நின்றது. ஐந்து வயதில் வீட்டுக்கு வந்த குழந்தை தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்துவைத்தால் அதைத் திருட்டுப் புத்தி என்று வைவது பாவம். கைக்கெட்டும் இடத்தில் அதற்கென்று ஒரு டப்பாவை வைத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொள்வதே வைத்தியம்.

இளஞ்சிறார் நீதிச் சட்டப்படித் தத்தெடுத்த பின் 2 ஆண்டுகள் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் நலனை விசாரித்து அறிக்கை எழுதுவது நம் நாட்டு விதி. அதன்பின் எவரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. ஆகவே, "இன்று அவன் என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய்?" என்று இரவில் ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளும் வழக்கத்தைத் தம்பதியர் அந்த 2 ஆண்டுகளுக்குள் உண்டாக்கிக்கொள்வது நலம். பிள்ளைக்கு நிலையான இடமும் தாம்பத்தியத்துக்கு நெருக்கமும் அந்தப் பேச்சிலேயே ஒருசேரக் கிட்டும்.