உள்ளே 30,000 டிகிரி, தொட்டால் வெதுவெதுப்பு

கேள்வி: போசரி தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பிளாஸ்மா கிளீனிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்கான் வாயு, 1 பாஸ்கல் அழுத்தம், 13.56 மெகாஹெர்ட்ஸ். உள்ளே எலக்ட்ரான்கள் 30,000 டிகிரி என்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டால் வெதுவெதுப்புதான். வாயுவைக் குறைத்தால் மோதல் குறையுமே, பிறகு எலக்ட்ரான் எப்படிச் சூடாகிறது, ஐயா?
- வாசகர், தாபோடி, புணே

பதில்: சூடு எலக்ட்ரானுக்கு மட்டும்தான். ஆர்கான் அணு அதைவிடச் சுமார் 73,000 மடங்கு கனம். மோதித் தெறிக்கும்போது எலக்ட்ரான் தன் ஆற்றலில் ஏறத்தாழ 36,000-ல் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுக்கும். அம்மிக்கல்லில் கடுகை எறிந்த மாதிரி. பல்லாயிரம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற அளவில்தான் அவை இருக்கின்றன. மேகநாத் சாகா 1920-ல் விண்மீன்களுக்காகத் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள். அது எல்லாத் துகள்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் இடத்துக்கானது.

உங்கள் இரண்டாவது கேள்வி அருமையானது. மோதலே இல்லாவிட்டால், மாறுதிசைப் புலத்தில் எலக்ட்ரான் ஊஞ்சல்போல ஆடும். கால் சுற்றில் வாங்கியதை அடுத்த கால் சுற்றில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் ஓர் அணுவில் மோதித் திசை மாறினால்தான் கணக்கு பிசகி, வாங்கியது அதனிடமே தங்கும். ஆக, மோதல் குறைந்தால் இந்தச் சூடும் குறையும். நீங்கள் நினைத்தது சரி.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் மின்முனைத் தட்டை ஒட்டி ஓர் இருண்ட படலம் தெரியுமே, அதன் பெயர் உறை. அங்கே எலக்ட்ரான் மிகக் குறைவு. கனமான அயனிகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, உறையின் விளிம்பு நொடிக்குச் சுமார் 1 கோடியே 36 லட்சம் முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. முன்னேறி வரும் விளிம்பில் பட்ட எலக்ட்ரான், வீசிய மட்டையில் பட்ட பந்துபோல வேகம் கூடித் திரும்பும். பின்வாங்கும் விளிம்பில் பட்டது வேகம் இழக்கும். எதிர்த்து வருவதோடு மோதும் வாய்ப்பே அதிகம் என்பதால் மொத்தத்தில் வரவுதான். 1949-ல் காஸ்மிக் கதிர்களுக்காக என்ரிக்கோ ஃபெர்மி சொன்ன யோசனையும் இதே சாயல் கொண்டது. இந்த விளக்கத்தின் நுணுக்கங்களில் ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. 1 பாஸ்கலில் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் சில சென்டிமீட்டர் ஓடும். இரு தட்டுகளின் இடைவெளியே பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே அது உறையிலிருந்து உறைக்கே போய் அடிவாங்குகிறது.

1990-ல் கோத்யாக், பியஜாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் மெல்லிய கம்பியைச் செருகி அளந்தபோது எலக்ட்ரான்கள் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒன்று 3 எலக்ட்ரான் வோல்ட் அளவில், அதாவது நீங்கள் கேள்விப்பட்ட 30,000 டிகிரிக்கும் மேல். மற்றது அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே. அந்தக் குறைந்த வேகத்தில் ஆர்கான் அணுக்கள் எலக்ட்ரானுக்கு ஏறக்குறைய வழிவிட்டு விடுகின்றன (ராம்சாவர் விளைவு), எனவே மோதிச் சூடாகவும் வழியில்லை. நடுவிலுள்ள மின்னழுத்தக் குழியைத் தாண்டி உறைவரை வர அந்தக் குளிர்ந்த எலக்ட்ரான்களுக்குத் தெம்பும் இல்லை. எண்ணிக்கையில் பெரும்பான்மை அவைதான். ஆனால் ஓர் ஆர்கான் அணுவை அயனியாக்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். உங்கள் மெஷினில் பிளாஸ்மா அணையாமல் எரிவது, உறையிடம் அடிவாங்கிய அந்தச் சிறுபான்மையால்தான்.