புலிக் குழம்பு

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள். 'புளிக் குழம்பு' என்று வாசிக்க வேண்டிய இடத்தில் பீகார்ப் பையன் ஒருவன் 'புலிக் குழம்பு' என்றான். வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து எழுந்து வாசிக்கவே மறுக்கிறான். வகுப்பில் யாரும் சிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

பதில்: சொல்லிப் பாருங்கள், இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். சட்டிக்குள் வால் தெரிய ஒரு புலி கொதித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் ஒன்று செய்யுங்கள். சிரித்தவர்களை ஒவ்வொருவராக 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து 'வாளப்பளம்' கட்டாயம் விழும். சென்னையிலிருந்து வந்த பிள்ளை இருந்தால் 'வாயப்பயம்'கூடக் கிடைக்கலாம். அதற்கெல்லாம் வகுப்பு சிரிக்காது. தவறு யார் வாயிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் சிரிப்பு கிளம்புகிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

பையனின் பிழைக்கு வருவோம். வாய்தவறி வருவது வேறு, கற்பவர் மனத்தில் ஓர் ஒழுங்கு இருந்து அதன்படி திரும்பத் திரும்ப வருவது வேறு என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகை ஆசிரியருக்குப் பெரிய உதவி. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று அதுவே சொல்லிவிடும். இந்தியில் ளகரம் இல்லை, ஒடியாவில் உண்டு. எனவே பீகார்ப் பையன் புளியில் தடுக்குவான். பக்கத்தில் இருக்கும் ஒடிசாப் பெண் புளியைத் தாண்டிவிட்டுப் பழத்தில் வழுக்குவாள். நாளைக்கே ஒருவன் "பஸ் வந்தாள்" என்று சொல்லக்கூடும். இந்தியில் பஸ் பெண்பால். இலக்கணம் தெரிந்திருப்பதால் வரும் பிழை அது!

திருத்துவது எப்படி? நாம் வழக்கமாகச் செய்வது, சரியான சொல்லை நாமே மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவது. கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்த ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் 1997இல் கண்டதும் அதைத்தான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை அது, மாணவர்கள் தாங்களாகத் திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவிய முறையும் அதுவே. ஆகவே சொல்லைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். கரும்பலகையில் ஒரு பக்கம் புலி, மறுபக்கம் புளி வரையுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எல்லோரும் எந்தப் படம் என்று கைகாட்டட்டும். காது பிரித்தறிய ஆரம்பித்த பிறகு நாக்கைக் கேட்கலாம். வேண்டுமென்றே ஒருமுறை நீங்களே புலியைச் சட்டியில் போடுங்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பிறகு ஐந்து நிமிடம் அவனை வாத்தியாராக்குங்கள். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் – இந்த மூன்றுக்கும் உரிய இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'கானா'தான். அவன் உச்சரிப்பில் மூன்றும் வெவ்வேறு. நம் பிள்ளைகள் பாட்டைச் சாப்பிட்டு, ஒற்றைக்கண்ணனைப் பாடி முடிக்கும்வரை அவன் திருத்தட்டும். எழுந்து வாசிப்பதற்கு அவசரம் வேண்டாம். கொஞ்ச நாள் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கட்டும்.

ஓர் இடத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விளையாட்டு மைதானத்தில் அவனை யாராவது "டேய் புலிக்குழம்பு" என்று கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வகுப்புச் சிரிப்பு பட்டப்பெயராக மாறியிருந்தால் அன்றே கூப்பிட்டுப் பேசி நிறுத்துங்கள். அவன் வாயை மூடிக்கொண்டதற்கு உண்மைக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

கேள்வி: கரும்பலகையில் நான் எழுதிய சொல்லில் பிழை கண்டுபிடித்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். மரியாதை போய்விடாதா?
– ஓர் இளம் ஆசிரியர், தேனி

பதில்: போகாது. கண்டுபிடித்தவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.