வெப்பக் காப்புப் பூச்சு ஏன் உரிகிறது?

இன்றைய ஜெட் விமான இயந்திரத்தினுள் எரிந்து வரும் வாயு, சுழலித் தகடுகளில் மோதும்போது அதன் வெப்பநிலை 1400 பாகை செல்சியசையும் தாண்டுவதுண்டு. ஆனால் அத்தகடுகள் செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகம் ஏறத்தாழ 1300 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அவை உருகாமல் இருக்க இரு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, தகட்டின் உள்ளே செலுத்தப்படும் குளிர்ச்சி கூடிய காற்று. மற்றையது, மேலே பூசப்படும் வெப்பக் காப்புப் பூச்சு.

இப்பூச்சில் பல படைகள் உள்ளன. மேற்படை, சிறிதளவு யித்திரியம் ஒட்சைட்டுக் கலந்த சேர்க்கோனியம் ஒட்சைட்டு ஆகும். வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும் இந்த மட்பாண்டப் பொருளின் தடிப்பு பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அதை உலோகத்துடன் ஒட்டிவைப்பது அலுமினியம் அடங்கிய பிணைப்புப் படை. இயந்திரம் இயங்கும்போது இன்னொரு படையும் தானாகவே உருவாகிறது. மேற்படையினூடாக ஒட்சிசன் ஊடுருவி, பிணைப்புப் படையின் அலுமினியத்துடன் தாக்கமுற்று, அலுமினியம் ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்குகிறது. இப்படலம் கீழுள்ள உலோகத்தை ஒட்சியேற்றத்திலிருந்து காக்கிறது. எனினும், பூச்சின் அழிவும் பெரும்பாலும் இங்கிருந்தே ஆரம்பமாகிறது.

மின்னழுத்தியில் உள்ள ஈருலோகக் கீலம் சூடாகும்போது வளைவதை நாம் பௌதிகவியலில் கற்றிருக்கிறோம். ஒட்டியிருக்கும் இரு பொருட்கள் வெவ்வேறு அளவில் விரிவதே அதற்குக் காரணம். இங்கும் அதே கதைதான். 1 மீற்றர் நீளமான கலப்புலோகம் 1000 பாகையினால் குளிரும்போது ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் சுருங்கும். அலுமினியம் ஒட்சைட்டோ ஏறத்தாழ 8 மில்லிமீற்றர்தான் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு முறை குளிரும்போதும் உலோகம் ஒட்சைட்டுப் படலத்தைப் பக்கவாட்டில் கடுமையாக நெருக்குகிறது.

மீண்டும் சூடாகும்போது பிணைப்புப் படை மென்மையடைகிறது. ஒட்சைட்டுப் படலமும் சிறிது வளர்கிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் அது மெல்ல மெல்ல அலைபோல் சுருக்கம் விழுகிறது. ஒரு தடவையில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. ஆனால் அது அழிவதில்லை, அடுத்ததுடன் சேர்ந்துகொள்கிறது. விறைப்பான மேற்படையால் இந்த நெளிவைப் பின்தொடர முடியாது. இரண்டுக்கும் இடையே நுண்ணிய இடைவெளிகள் தோன்றி, வெடிப்புகளாக ஒன்றிணைகின்றன. இறுதியில், ஈரச் சுவரின் வர்ணப்பூச்சு உப்பிக் கழல்வதுபோல, பூச்சின் ஒரு பகுதி உரிந்து விழுகிறது. இது நிகழும்போது ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் இருக்கலாம்!

உரிந்த இடத்தில் உலோகம் நேரடியாக வெப்பத்துக்கு உள்ளாகி விரைவில் சிதைகிறது. அதனாலேயே, இயந்திரம் எத்தனை மணித்தியாலம் இயங்கியது என்பதுடன், எத்தனை தடவை சூடாகிக் குளிர்ந்தது என்பதையும் பொறியியலாளர் கணக்கிடுகின்றனர். ஒரே நாளில் பல குறுகிய பயணங்கள் செல்லும் விமானம், ஒரே நீண்ட பயணம் செல்லும் விமானத்தைவிடக் கூடுதல் தடவைகள் இச்சோதனைக்கு உட்படுகிறது. மெல்லிய கமெராக் குழாயை இயந்திரத்தினுள் செலுத்தித் தகடுகளை அவர்கள் பரிசோதிப்பதும் இத்தகைய சேதங்களைக் காலத்தோடு கண்டறியவே. நூற்றுக்கணக்கான பயணிகளின் பாதுகாப்பில், நகத்தின் தடிப்பேயான இப்பூச்சுக்கும் ஒரு பங்கு உண்டு.