கடலாய்வு நிலையத்தின் படகுத்துறை உதவியாளர்



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "கடலை ஆராயும் அறிவியலறிஞர் ஒருவரின் படத்தை வரைந்து வாருங்கள்" என்று கூறினேன். அனைவரும் அழகுற வரைந்து வந்தனர். எல்லாப் படங்களிலும் வெள்ளை அங்கி இருந்தது. கண்ணாடிக் குடுவை இருந்தது. ஆயினும் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. அவ்வறிஞரைக் கடலுக்கு அழைத்துச் சென்றவர் யார்? அவருடைய படகைக் கட்டியவர் யார்? குடுவையிலுள்ள சிறு மீனுக்கு இரவு முழுவதும் நல்ல நீர் கிடைக்கச் செய்தவர் யார்? அவர் எந்தப் படத்திலும் இல்லை. அவரைப் பற்றியதே இப்பாடம்.

கடலாய்வு நிலையம்

கடல்வாழ் உயிர்களை அவை வாழும் இடத்திற்கு அருகிலேயே இருந்து ஆராய்வதற்காகக் கரையோரத்திலோ தீவிலோ அமைக்கப்படும் ஆய்வுக்கூடமே கடலாய்வு நிலையமாகும். நம் ஜொகூர் மாநிலத்திற்குத் தெற்கே, சிங்கப்பூரின் தென்கடலில், செயின்ட் ஜான்ஸ் என்னும் சிறு தீவு உள்ளது. அங்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டில் கடலாய்வுக்கூடம் ஒன்றை நிறுவியது. 2016ஆம் ஆண்டில் அது தேசியக் கடலாய்வுக்கூடம் என்னும் தகுதியைப் பெற்றது. பவளங்களையும் இராட்சதச் சிப்பிகளையும் அங்கே வளர்த்து ஆராய்கின்றனர்.

சிங்கப்பூர்ப் பெருந்தீவிலிருந்து அங்குச் செல்லப் பாலம் இல்லை. ஆய்வாளரும் கருவிகளும் படகிலேயே செல்ல வேண்டும். ஆதலால், இத்தகைய நிலையத்தின் வாசற்படி அதன் படகுத்துறையே. அவ்வாசலைக் காப்பவர் படகுத்துறை உதவியாளர். உலகின் பல கடலாய்வு நிலையங்களில் இப்பணி உண்டு. அதன் கூறுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கயிறும் கடலேற்றமும்

நான் இளம் ஆசிரியனாக ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், ஒரு நாள் சம்பான் ஒன்றை இரவல் வாங்கிச் சென்றேன். திரும்பியதும் அதைத் துறைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டு, "இனி இது எங்கும் போகாது" என்று பெருமையோடு வீடு சேர்ந்தேன். மாலையில் வந்து பார்த்தபோது நீர் வற்றியிருந்தது. சம்பான் ஒரு பக்கம் சாய்ந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. துடுப்பு சேற்றில் கிடந்தது. அதன் உரிமையாளரான முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சார், தண்ணிக்கும் கொஞ்சம் இடம் விடணும்" என்று மட்டும் கூறினார். ஆசிரியர் கல்லூரியில் நான் கற்காத பாடம் அது.

நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் ஏறி இறங்குகிறது. நம் பகுதியில் பெரும்பாலும் நாளொன்றுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இவ்வேறுபாடு மிகும். அக்காலத்தில் சிங்கப்பூர்க் கடலில் அது 3 மீட்டரை நெருங்குவதுண்டு. மேலும், ஏற்றம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். கடல், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே, படகுத்துறை உதவியாளர் காலையில் முதலில் பார்ப்பது கடலேற்ற அட்டவணையை. எந்நேரத்தில் எவ்வளவு நீர் இருக்கும், படகு தரை தட்டாமல் எப்போது புறப்படலாம், கயிற்றை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பனவற்றை அவர் கணக்கிடுவார். நீங்கள் வகுப்பில் செய்யும் கூட்டலும் கழித்தலும்தான் அக்கணக்கு. ஆனால் அங்கே விடை தவறினால் சிவப்பு மையால் கோடு போட ஆசிரியர் வரமாட்டார், படகே கவிழ்ந்துவிடும்.

தொட்டிகளின் உயிர்மூச்சு

பிடித்து வந்த உயிர்களைத் தொட்டிகளில் வளர்ப்பர். கடலிலிருந்து நீரைக் குழாய்வழி இறைத்து, மணலிலும் பிற வடிப்பான்களிலும் வடிகட்டித் தொட்டிகளுக்குச் செலுத்துவர். மீனும் சிப்பியும் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைக் கொண்டே வாழ்கின்றன. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறையும். நீரிறைக்கும் பொறி நின்றுபோனால், வெப்பமான நம் நாட்டில் தொட்டியிலுள்ள உயிர்கள் விரைவில் திணறத் தொடங்கும். மாதக்கணக்கில் வளர்த்த சிப்பிகள் ஓரிரவில் மடிந்துபோகலாம்.

எனவே உதவியாளர் பொறியின் ஓசையைக் காதால் கேட்டே அறியப் பழகுகிறார். வடிப்பானைக் கழுவுகிறார், குழாயில் ஒட்டி வளரும் சிப்பிகளைச் சுரண்டி எடுக்கிறார். செம்புக் குழாயை அவர் பொருத்தமாட்டார். நம் வீட்டுச் செம்புக் குடம் நமக்கு நல்லதே. ஆயினும் நீரில் கரையும் சிறிதளவு செம்பும் சிப்பிகளுக்கும் பவளங்களுக்கும் நஞ்சாகும். மாலையில் படகின் பொறியையும் கருவிகளையும் நன்னீரால் கழுவுகிறார். உப்பு, இரும்பைத் தின்றுவிடும் அன்றோ?

எண்ணி அனுப்பி எண்ணிப் பெறுதல்

முக்குளிப்போர் கடலுக்குள் இறங்கும்போது படகில் வெள்ளையும் நீலமுமான கொடியை ஏற்றுவர். "நீருக்கடியில் ஆள் இருக்கின்றார், விலகி மெதுவாகச் செல்க" என்பது அதன் பொருள். அவர்கள் அருகில் இருக்கும்வரை படகின் சுழல்விசிறி சுழலக் கூடாது. எத்தனை பேர் இறங்கினர், எத்தனை பேர் ஏறினர் என்பதை உதவியாளர் எழுதி வைப்பார். ஐவர் இறங்கினால் ஐவரும் ஏறிய பிறகே படகு கரை திரும்பும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் முற்பகலிலும், சுமத்திராப் பக்கமிருந்து சூறைக்காற்று இடிமழையுடன் வருவதுண்டு. மேற்கு வானம் கறுத்தால் பயணம் நிற்க வேண்டும். அன்று எத்துணைப் பெரிய பேராசிரியராயினும் கரையில் காத்திருக்க வேண்டியவரே.

கண்டதை எழுதுதல்

நீரின் வெப்பம், உப்பின் அளவு, தெளிவு ஆகியவற்றை நாள்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதுவதும் இப்பணியாளரின் கடமையாவதுண்டு. தெளிவை அளக்க வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்குவர். அது கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. 1865ஆம் ஆண்டில் இம்முறையைக் கையாண்டவர் இத்தாலியரான ஆஞ்சலோ செக்கி. இன்றும் அது வழக்கில் உள்ளது. எளிய தட்டுதான், ஆனால் பல்லாண்டுகள் இடைவிடாது அளந்தால்தான் கடல் கலங்குகிறதா, தெளிகிறதா என்று கூற முடியும். ஒரு நாள் சோம்பினால், அந்நாளின் கடலை மீண்டும் அளக்க எவராலும் இயலாது.

துறையிலிருந்து உயர்ந்தவர்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1872ஆம் ஆண்டில் ஆன்டன் டோர்ன் என்பவர் கடலாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். அங்குச் சிறுவனாகவே பணியில் சேர்ந்தவர் சால்வத்தோரே லோ பியாங்கோ. மீனவர் கொண்டுவரும் உயிர்களைப் பிரித்துக் காத்துவைப்பது அவர் வேலையாயிற்று. பார்த்துப் பார்த்து, எவ்வுயிர் எம்மாதத்தில் முட்டையிடும், எதை எவ்வாறு சிதையாமல் பாதுகாக்கலாம் என்பதையெல்லாம் அறிந்தார். 1890ஆம் ஆண்டில் அம்முறைகளை அவர் நூலாக வெளியிட்டபோது, பிற நாட்டு அறிஞரும் அதைப் பின்பற்றினர். கை பழகியது, கண் கூர்ந்தது, எழுத்து அதை உலகுக்கு அளித்தது. இம்மூன்றும் சேர்ந்ததே அறிவியல்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இங்கு என் தவறொன்றையும் கூற வேண்டும். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் ஒருவனை, "படிக்காவிட்டால் பால்மரம் வெட்டத்தான் போவாய்!" என்று வகுப்பில் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாயார் அன்று விடியுமுன் எழுந்து நிரைக்குச் சென்றவர். மரத்தின் உயிருள்ள பகுதியில் கத்தி படாமல், ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டையை மிச்சம் விட்டுச் சீவத் தெரிந்தவர். அவ்வளவு நுட்பம் அறிந்த கையை நான் அச்சுறுத்தும் பொருளாக்கினேன். அச்சொல்லை அதன்பின் நான் எவரிடமும் கூறியதில்லை. நீங்களும் கூறாதீர்கள். குழந்தை கல்வி கற்க வேண்டும். தந்தை தாயின் கைகளை இகழக் கற்க வேண்டியதில்லை.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1874ஆம் ஆண்டு முதல் அது தொற்றுநோய்த் தடுப்பு முகாமாக இருந்தது. கப்பலில் வந்த குடியேறிகளை அங்கே தங்கவைத்து, நோயுண்டா என்று சோதித்தனர். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் இத்தகைய முகாம் இருந்தது. கடல் கடந்து வந்த நம் முன்னோரையும் இத்தகைய துறைகளில் நிறுத்தி எண்ணினர். அன்று நோய்க்கு அஞ்சித் தலைகளை எண்ணினர். இன்று ஒருவரையும் கடலில் விட்டுவிடக் கூடாது என்று எண்ணுகின்றனர். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அத்தகைய துறையில் குறிப்பேட்டுடன் நிற்கலாம். பிறகு ஆய்வுக்கூடத்தின் உள்ளேயும் அமரலாம். அதற்கு நீச்சல், கணக்கு, பிழையற எழுதுதல் ஆகிய மூன்றையும் இன்றே பழகுங்கள்.

செய்து பாருங்கள்

1. கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் உட்புறத்தில் ஒட்டும் சிறு குமிழிகள் எங்கிருந்து வந்தன?

2. காலை 7.00 மணிக்குக் கடலேற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய எத்தனை மணிக்கு வரும்?

3. உங்கள் தாயோ தந்தையோ செய்யும் வேலையில் கணக்கிட்டும் கூர்ந்து பார்த்தும் செய்வன யாவை? அவர்களிடமே கேட்டு ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்.

மூன்றாம் வினாவின் விடைகளை நானே படித்துத் திருத்துவேன்.