வினாத் தொடுக்கப் போகும் பெண்ணுக்கு



உன் கல்லூரி விழாவில் இவ்வாண்டு வினாடி வினாவை நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக உன் தகப்பனார் சொல்லக் கேட்டுப் பரம சந்தோஷம் அடைந்தேன். போட்டியாளர் வரிசையிலேயே பெண்கள் சொற்பமாகக் காணப்படும் இத்துறையில், வினாக் கேட்கும் இடத்தில் ஒரு பெண் நிற்பதைப் பற்றி அன்றைக்கு யாரேனும் உபசாரமாக நாலு வார்த்தை பேச எழுந்தால், அதைச் செவியில் வாங்காமல் முதல் வினாவுக்குப் போய்விடு.

இந்த வித்தை நம்மிடம் வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகவேனும் நீ அறிந்திருப்பது நலம். அமெரிக்காவில் 1953-இல் வானொலியில் தொடங்கி, 1959-இல் தொலைக்காட்சிக்குச் சென்று, 1970 வரையில் நடந்த 'காலேஜ் பௌல்' என்னும் கல்லூரிப் போட்டியே மூலம். அதை மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தில் 1962-இல் 'யுனிவர்சிட்டி சாலஞ்ச்' தோன்றிற்று. நம் தேசத்தில், 1967-இல் கல்கத்தாவில் ஒரு மாதா கோவில் மண்டபத்தில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டியை ஆரம்பமாகக் கொள்வது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளை வானொலிப் பெட்டியின் முன் கட்டிப்போட்ட போர்ன்விட்டா போட்டியும், 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு கல்லூரி அணிகளை வைத்து நடத்திய 'குவிஸ் டைம்' நிகழ்ச்சியும் பின்னால் வந்தவை.

அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்றும் நடைபெறும் 'குவிஸ் பௌல்' முறையில், ஒரு வினா என்பது ஒரு பத்தி நீளத்துக்கு வாசிக்கப்படும். முதலில் துறை வல்லவர் மட்டுமே அறியக்கூடிய குறிப்பும், படிப்படியாக எளியவையும், முடிவில் சாமானியர் அறிந்ததும் வரும். வாசிப்பின் நடுவிலேயே பஸ்ஸரை அழுத்திச் சரியான விடை சொல்பவருக்குப் புள்ளி. ஆழ்ந்து படித்தவனையும் மேலோட்டமாகப் படித்தவனையும் பிரித்துக் காட்ட இதைவிட நேர்மையான உபாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் நம்மவர்கள் வேறு பாதையில் போனார்கள். கைவேகத்தைக் காட்டிலும், மூன்று பேர் தலையைச் சேர்த்து, அறியாத ஒன்றை அறிந்தவற்றின் துணையால் அனுமானித்து எட்டுவதையே அவர்கள் சிலாக்கியமாகக் கருதினார்கள்.

அதற்கேற்ப விதிகளும் மாறின. ஆதியில், ஒவ்வோர் அணிக்கும் அதற்குரிய நேர் வினா; அது தவறினால் அடுத்த அணிக்கு 'பாஸ்'. அறியாத அணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற தற்செயலே வெற்றி தோல்வியை நிர்ணயித்துவிடும் அநியாயம் அதில் இருந்தது. விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்தே அடுத்த வினா புறப்படும் 'இன்ஃபினிட் பவுன்ஸ்' என்னும் முறை வந்த பிறகு, அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிற்று. மேடையில் எத்தனை அலங்காரம் செய்தாலும் செய். இந்த விதியை மட்டும் விட்டுவிடாதே.

நம் சென்னையில் இந்த ரசனை வேரூன்றியதற்கு, கண் வைத்தியரான நவீன் ஜெயகுமார் ஆகஸ்டு 15-ஆம் தேதிகளில் நடத்திவந்த லேண்ட்மார்க் குவிஸ் ஒரு முக்கிய காரணம். 1962-இல் திறக்கப்பட்ட மியூசிக் அகாடமி அரங்கில், மார்கழியில் தாளம் போடுகிறவர்கள் அமரும் அதே நாற்காலிகளில், சுதந்திர தினத்தன்று பள்ளிச் சிறுவரும், ஐ.ஐ.டி. மாணவரும், ரிடையரானவர்களும் பேதமின்றி அமர்ந்து, ஆளுக்கொரு பென்சிலோடு பிரிலிம்ஸ் தாளைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். மேடைக்குத் தேர்வாகாதவர்களும் எழுந்து வீட்டுக்குப் போகமாட்டார்கள். அவர்கள் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீ யோசிக்க வேண்டும், அம்மா. வினாக் கேட்கப்பட்டதும் 'எனக்குத் தெரியாது' என்றும், விடை சொல்லப்பட்டதும் 'அடடா, எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே' என்றும் தோன்றும்படி வினா அமைந்திருந்ததே காரணம்.

ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்த வருஷம் எது என்று நீ கேட்டால், 1939 என்று மனப்பாடம் செய்தவன் சொல்லுவான். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பார்: '1940 ஜூனில் ஒரு தேசம் யுத்தத்தில் இறங்கியதால், அடையாற்றில் ஒரு தோட்டத்துக்குள் கட்டுப்படுத்தி வைக்கப்பட்ட ஒரு மூதாட்டிக்கு, ஆகஸ்டு 31-ஆம் தேதி அவருடைய எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அளித்த வெகுமதி என்ன?' ஜூன் 1940 என்றதும் ஒருவன் இத்தாலி என்பான்; அடையாற்றுத் தோட்டம் என்றதும் மயிலாப்பூர்க்காரி ஒருத்தி பிரம்மஞான சபை என்பாள்; இத்தாலியப் பெண்மணியும் அந்தச் சபையும் சேர்ந்ததும் மூன்றாமவனுக்குத் தன் மழலையர் பள்ளி ஞாபகம் வரும்; அப்புறம், போர்க்காலத்தில் அரசாங்கம் ஒரு தாய்க்கு எதைத்தான் கொடுத்திருக்க முடியும் என்று யோசித்தால், முகாமில் அடைபட்டிருந்த மகன் மாரியோவின் விடுதலை என்ற விடை கைக்கு எட்டிவிடும். மூவரில் ஒருவருக்கும் முன்னமே தெரியாத சங்கதியை மூவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஆயிரம் லிரா நோட்டில் அந்த அம்மையாரின் முகம் அச்சாகியிருந்தது என்பதை வினாவிலேயே நுழைத்துவிடாதே, விடைக்குப் பிறகு சொல், சபை ரசிக்கும்.

இத்தகைய விஷயங்களைத் தேடி நீ வெகுதூரம் போக வேண்டியதில்லை. தியாகராய நகரின் வீதிகளில் ஒரு காலை நடந்தால், பனகல் அரசரும், டி.எம். நாயரும், முகமது உஸ்மானும் பெயர்ப்பலகையாக நின்று, நீதிக் கட்சியின் சரித்திரத்தில் பாதியைச் சொல்லிவிடுவார்கள். எஸ். முத்தையா சென்னையைப் பற்றி எழுதியவற்றைப் படி; ஆனால் படித்ததை அப்படியே வினாவாக்காமல் இரண்டாவது ஆதாரம் ஒன்றையும் பார். ஊர் பேசும் கதைகளில் சுவாரசியமானவை பல பொய்யாக இருப்பதையும், உண்மையானவை பல ருசியற்றிருப்பதையும் கண்டு மனம் தளராதே.

சபையில் ஒருவன் எழுந்து, நீ எழுதி வைத்த விடைக்கு மாறான வேறொரு விடையும் பொருந்தும் என்று வாதாடினால், முகம் வாடாமல் கேள்; பொருந்துமாயின் புள்ளியைக் கொடுத்துவிட்டு மேலே செல். வாதாடுகிறவன் பெரும்பாலும் முன்வரிசையில் உட்கார்ந்த, என் வயதுக்காரனாக இருப்பான் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று: எழுதிய வினாக்களைப் போட்டிக்கு வராத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எங்கே அவர் நெற்றி சுருங்குகிறது, எங்கே 'இது எல்லாருக்கும் தெரியுமே' என்கிறார் என்று குறித்துக்கொண்டு திருத்து. அதற்கு உன் தகப்பனார் போதும். எனக்கு மட்டும் ஒரு வினாவையும் அனுப்பாதே. யாரும் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்பில் கண்டதால், நானும் மாடவீதி நண்பர்கள் இருவரும் ஓர் அணியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம்.