குடும்பத்தோடு கோட்டைக்கு ஒரு நடை



செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. கோட்டைக்குள் கடைசியாக எப்போது நடந்து போனீர்கள்? வெளியூர் சம்பந்திகளைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனது கணக்கில் சேராது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதும் சேராது. வேறு வேலை எதுவும் இல்லாமல், வீட்டாரோடு, நிதானமாக நடந்து போனது எப்போது?

நம் அறக்கட்டளைக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது பலரும் சிரித்து மழுப்பினார்கள். கேட்ட எங்களிடமும் பதில் இல்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. வெளியே உள்ள ஒரே கோட்டை நம்முடையது. எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து பார்க்கிறார்கள். நாமோ திருவண்ணாமலை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

அதனால் சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில குடும்பங்களாகச் சேர்ந்து நடந்து போய் வந்தோம். அதில் கற்றுக்கொண்டதை இந்த இதழில் பாடமாக எழுதுகிறோம்.

காரியம் இல்லாத நடை வீணா?

நம் வீடுகளில் நடை என்றால் அதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். பள்ளிவாசலுக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று நடப்போம். சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னால் ஆண்கள் காலையில் கொஞ்சம் நடப்பார்கள். பெண்கள் சும்மா நடந்தால், "எங்கேம்மா புறப்பட்டுட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் வாசலைத் தாண்டுவதில்லை.

மார்க்கம் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சென்று வந்தார்கள். சில சமயம் வாகனத்திலும், சில சமயம் நடந்தும் சென்றார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபா 3 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு சமுதாயத்தின் முழுப் பொறுப்பையும் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே வாரம் ஒரு நாள் இதற்கு நேரம் இருந்தது. அங்கே சென்று தொழுதார்கள் என்பது உண்மை. அந்த வழியும் அந்த நாளும் அவர்களுடைய வாரத்தில் ஒரு நிலையான இடம் பெற்றிருந்தன என்பதும் உண்மை.

எப்படி நடக்க வேண்டும் என்பதையும் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை அல்லாஹ் குர்ஆனில் 31ஆம் அத்தியாயத்தில் சொல்கிறான். பெருமையோடு நடக்காதே, நடையில் நடுநிலையைக் கடைப்பிடி என்பது அதில் ஒரு பகுதி. ஒரு தகப்பன் மகனுக்குச் சொன்ன முக்கியமான சில விஷயங்களில் நடையும் ஒன்றாக இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

அன்று காலை உற்சாகமாகத்தான் புறப்பட்டோம். ஊரிலிருந்து கோட்டை 2 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கால் மணி நேரத்தில் ஆண்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டோம். வியாபாரம், வாடகை, ஜமாஅத் கணக்கு என்று பேசிக்கொண்டே நடந்ததில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை. நுழைவாயிலில் நின்று திரும்பினால், பெண்கள் வெகு தூரத்தில் கைக்குழந்தையையும் தண்ணீர்க் குடத்தையும் பைகளையும் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். கிடைத்த ஒரு விடுமுறையிலும் சுமை அவர்கள் தலையில்தான்.

அப்போது எங்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி நினைவுக்கு வந்தது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, தம் மனைவியோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அந்த முறை ஆயிஷா (ரலி) ஜெயித்தார்கள். சில காலம் கழித்து நடந்த இன்னொரு பந்தயத்தில் நபி (ஸல்) ஜெயித்தார்கள். கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு மனைவியோடு பின்தங்கியவர்களின் உம்மத் நாம். நாங்களோ மனைவியைப் பின்னால் விட்டுவிட்டுக் கூட்டத்தோடு முன்னால் போயிருந்தோம்.

பைகளை ஆண்கள் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகமும் என்று முடிவு செய்தோம். அன்று நடந்த நடையே அதிலிருந்துதான் தொடங்கியது.

மெதுவாக நடந்தால் தெரிபவை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் ஓடுகிறது. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். அன்று இளைஞர்கள் சிலர் மட்டும் அதில் ஏறினார்கள். மற்ற எல்லாரும் கீழ்க்கோட்டையின் சமதரையிலேயே சுற்றி வந்தோம். அதற்கே ஒரு காலைப்பொழுது சரியாக இருந்தது.

கல்யாண மகாலின் மாடிகளை அண்ணாந்து பார்த்தோம். மண் குழாய்கள் வழியாக அதன் மேல் மாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் நம் பிள்ளைகள் அதை நம்ப மறுத்தார்கள். களஞ்சியம், லாயம், ஆனைக்குளம் என்று ஒவ்வொன்றிலும் நின்றோம். வெங்கடரமணர் கோயிலைப் பார்த்தபோது, இந்தக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்ற கல்தூண்கள் இன்றும் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "நாங்க அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்திருக்கோமே!" என்று ஒரு பெண் குழந்தை துள்ளினாள்.

எங்களோடு வந்த ஒரு மூதாட்டி மருமகளாக இந்த ஊருக்கு வந்து நாற்பது ஆண்டு ஆகிறது. அவர் ஒரு பாறையில் கையை வைத்தபடி சொன்னார்: "மாடியில துணி காயப்போடும்போது தினமும் இந்த மலையைப் பார்க்கிறேன். இன்னைக்குத்தான் தொட்டுப் பார்க்கிறேன்." ஆண்கள் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

"இதுல நம்ம ஆள் யார் அத்தா?"

கீழ்க்கோட்டையில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இருக்கிறது. 1714இல் தேசிங்கு ராஜாவைப் போரில் வென்ற ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், சில ஆண்டுகளில் கட்டியது அது. அதன் முன்னே நின்று கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தகப்பனாரிடம், "இதுல நம்ம ஆள் யார் அத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் கேட்டதுபோலத்தான் இன்று பெரியவர்களே சரித்திரத்தைக் கேட்கிறார்கள். நாங்கள் அவனுக்கு முழுக் கதையையும் சொன்னோம். தேசிங்கின் உயிர் நண்பர் மகபத்கான் ஒரு முஸ்லிம். தம் கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து போய் நண்பனுக்காகப் போரிட்டு மாண்டார் என்று மக்கள் கதைப்பாடல் சொல்கிறது. அவருடைய அடக்கத்தலம் என்று நீலாம்பூண்டியில் இன்றும் காட்டுகிறார்கள். வென்ற நவாபும் முஸ்லிம், தோற்றவனுக்காக உயிர் கொடுத்தவரும் முஸ்லிம். அதற்கு முன் 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இதே கோட்டையை முற்றுகையிட்டது. பிஜப்பூர் சுல்தான்கள் ஆண்டார்கள், சிவாஜி ஆண்டார், நாயக்கர்கள் ஆண்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். மதிலும் குளமும் கோயிலும் பள்ளிவாசலும் இந்த ஊர் மக்களாகிய நம் எல்லாரிடமும் விடப்பட்டிருக்கின்றன.

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நான் மகபத்கான்" என்றான். கைப்பேசியில் வரும் சரித்திரத்திலிருந்து அவன் இந்தப் பதிலுக்கு வந்திருக்க மாட்டான் என்பது எங்கள் எண்ணம்.

உடம்புக்கும் கடமை உண்டு

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் உடலுக்கு மிதமான உழைப்புத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாள் கோட்டை நடை அதில் பாதியைத் தந்துவிடும். மீதிக்கு மற்ற நாட்களில் தினம் கால் மணி நேரம் நடந்தால் போதும். நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களை வாசிக்கிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: கால் புண்ணாகி மனு எழுதுவதைவிட, கால் நன்றாக இருக்கும்போதே நடப்பது மேல்.

புறப்படும் முன்

வெயில் காலத்தில் பாறை அனலாகக் கொதிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். கோட்டை திறந்ததும் உள்ளே போனால் லுஹருக்குள் ஊர் திரும்பிவிடலாம். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டப் பையைக் குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். குளங்களின் ஓரத்தில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது தர்மம் என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. ஒரு காலிப் பை கொண்டுபோய், கண்ணில் படும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நடந்து போங்கள். கோட்டைதான் என்றில்லை, ஏரிக்கரையானாலும் சரி.

2. கைப்பேசி வீட்டுக்கு ஒன்று போதும். அதுவும் பைக்குள் இருக்கட்டும்.

3. பைகளை ஆண்கள் சுமக்கட்டும். வீட்டில் யார் மெதுவாக நடப்பாரோ, அவரை முன்னால் நடக்க விடுங்கள்.

4. திரும்பி வந்ததும், அன்று புதிதாகப் பார்த்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். வீட்டில் உள்ள பெண்களிடமிருந்து தொடங்குங்கள்.

நமக்கு நடக்கும் கால்களைத் தந்த அல்லாஹ், அவற்றை நல்வழியில் செலுத்தவும், நம்மோடு நடப்பவர்களை நாம் பின்னால் விட்டுவிடாமல் இருக்கவும் அருள் புரிவானாக. ஆமீன்.