முத்துக்கரையும் மலைமுகடும்

நுழையும்முன்

ஓர் ஊர் ஒரே தொழிலை நம்பி வாழ்கிறது. அத்தொழில் திடீரென நலிந்தால் அவ்வூர் மக்கள் என்ன செய்வர்? பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள ராஸ் அல் கைமா இவ்வினாவைத் தன் வாழ்வில் நேராகவே எதிர்கொண்ட நிலம். இன்று சுற்றுலாவால் வளர்ந்துவரும் அந்நிலத்தின் கதையை இப்பாடம் கூறுகிறது.

நிலமும் பெயரும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏழு அமீரகங்கள் உள்ளன. அவற்றுள் வடகோடியில் அமைந்தது ராஸ் அல் கைமா. 'கூடாரத்தின் முனை' என்பது இப்பெயரின் பொருள். 1971 டிசம்பரில் கூட்டமைப்பு உருவானபோது இது அதில் இணையவில்லை. 1972 பிப்ரவரி 10 அன்றே ஏழாவது உறுப்பாகச் சேர்ந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஹஜர் மலைத்தொடர், இடையே பாலைமணல் என மூவகை நிலமும் இங்கு அருகருகே உள்ளன. ஆயினும் அபுதாபியைப் போன்ற எண்ணெய் வளம் இதற்கு வாய்க்கவில்லை.

முத்து தந்த வாழ்வு

எண்ணெய்க்கு முன் வளைகுடாக் கரையை வாழவைத்தது முத்துக்குளித்தல். கோடைக்காலத்தில் படகுகள் கடலுக்குச் செல்லும். மூக்கை இடுக்கியால் அடைத்து, காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் அடியாழம் சென்று சிப்பிகளைத் திரட்டுவர். அவர்கள் எடுத்த முத்துகளில் பெரும்பகுதி பம்பாய்ச் சந்தைக்கு வந்தது. ஆனால் மூழ்கியவர் பலர் படகுத்தலைவரிடம் முன்பணம் பெற்றுக் கடனிலேயே வாழ்ந்தனர்.

1893-இல் ஜப்பானியரான மிக்கிமோட்டோ கோகிச்சி அரைக்கோள வடிவ வளர்ப்பு முத்தை உருவாக்கினார். பின்னர் உருண்டை வடிவ வளர்ப்பு முத்துகளும் சந்தைக்கு வந்தன. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வாங்குவோரையும் குறைத்தது. முத்துத்தொழில் வீழ்ந்தது. பவளக்கல்லால் வீடு கட்டி வாழ்ந்த அல் ஜசீரா அல் ஹம்ரா என்னும் முத்துக்குளிப்போர் ஊர், 1960-களின் இறுதியில் மக்கள் வெளியேறியதால் ஆளற்றுப் போனது.

விருந்தினரை ஈர்க்கும் இடங்கள்

ஆளற்றுப்போன அவ்வூரே இன்று பலர் தேடிவரும் இடமாயிற்று. அதன் வீடுகளும் பள்ளிவாசலும் சீரமைக்கப்படுகின்றன. 1819-இல் ஆங்கிலேயப் படை முற்றுகையிட்ட தாயா மலைக்கோட்டையில் ஏறினால் பேரீச்சந்தோப்பும் கடலும் ஒருசேரத் தெரியும். இவற்றுடன் ஜுல்பார் என்னும் பழந்துறைமுகம், ஷிமல் ஆகிய இடங்களும் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. முன்னாள் கோட்டை ஒன்றில் அருங்காட்சியகமும் இயங்குகிறது.

அமீரகத்தின் உயர்ந்த மலையான ஜெபல் ஜைஸ் 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. சமவெளி தகிக்கும் வேளையிலும் அங்குக் குளிர்ச்சி மிகும். 2018-இல் அங்கே திறக்கப்பட்ட ஜிப்லைன் என்னும் கம்பிவடச் சறுக்கு 2.83 கிலோமீட்டர் நீளமுடையது. உலகில் மிக நீளமானது எனக் கின்னஸ் சான்று பெற்றது. கடலில் அல் மர்ஜான் என்னும் செயற்கைத் தீவுகளில் விடுதிகள் பல எழுந்துள்ளன. 2024-இல் இந்த அமீரகத்திற்கு வந்து தங்கிய விருந்தினர் ஏறத்தாழ 12.8 இலட்சம் பேர். 2030-க்குள் அதை 35 இலட்சமாக உயர்த்துவது அரசின் இலக்கு.

எண்ணிப்பார்க்க வேண்டியது

இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் முத்தின் கதை ஓர் எச்சரிக்கை தருகிறது. தொலைவில் உள்ளோரின் விருப்பத்தை மட்டும் நம்பிய தொழில், அவ்விருப்பம் மாறியதும் சாய்ந்தது. சுற்றுலாவும் அத்தகையதே. 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது உலகெங்கும் விடுதிகள் வெறிச்சோடின. அதனால்தான் மட்பாண்ட ஓடு, சிமெண்ட், கல்வெட்டு ஆகிய தொழில்களும் இங்குத் தொடர்வது நன்மை.

எனினும் மலையை உடைப்பது ஒரு தொழில். மலையைக் காட்டுவது மற்றொரு தொழில். கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும்போது கடலுயிர்கள் இடம் இழக்கலாம். விடுதி பெருகப் பெருக, கடல்நீரை நன்னீராக்கும் தேவையும் பெருகும். விருந்தினர் எதைக் காண வருகின்றனரோ அதையே அழித்துவிட்டால் விருந்தோம்பலுக்கு என்ன மிஞ்சும்? வருமானமும் காப்பும் ஒன்றாகச் சென்றால்தான் இக்கரை மீண்டும் ஆளற்றுப் போகாது.

சொல்லும் பொருளும்

முகடு – உச்சி
நலிதல் – மெலிதல்
மந்தம் – தேக்கநிலை
தூர்த்தல் – மண்ணிட்டு நிரப்புதல்

பயிற்சி

அ) குறுவினா
1. 'ராஸ் அல் கைமா' என்பதன் பொருள் யாது?
2. முத்துத்தொழில் வீழ்ந்ததற்கான இரு காரணங்களைக் கூறுக.

ஆ) பிரித்து எழுதுக
அவ்வூர், பாலைமணல், மலைக்கோட்டை

இ) நெடுவினா
'மலையை உடைப்பது ஒரு தொழில். மலையைக் காட்டுவது மற்றொரு தொழில்' – இக்கூற்றைப் பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்குக.

ஈ) செயல்பாடு
உங்கள் மாநிலத்தில் சுற்றுலாவால் வளரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கு வளர்வன எவை, குறைவன எவை என இரு பத்திகளில் எழுதுக.